பேபி வேலையைக் காட்டிய கதை

நாற்பத்தேழு வயதுப் பெண்மணியை ‘பேபி’ என்று கூப்பிடுவதில் சங்கடம் இருந்தால் அது கூப்பிடுகிறவர்களுக்குத்தான். பேபிக்கு ஒன்றும் கிடையாது. வீட்டில் செல்லமாகக் கூப்பிட்டதையே அப்பா பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, நடவு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செம்பரம்பாக்கத்துக்கு ஓடிவிட்டார். அதற்குப் பிறகு அதை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் கம்பெனி. அதில் இருபத்திரண்டு வருஷமாக பேபிக்கு இரண்டு வேலைகள். காலையில் மிஷின்களுக்குக் கூலன்ட் கலக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் அந்தக் கலவை சரியில்லை என்றால் இரும்பு சூடேறிப் பண்டம் கெட்டுவிடும். அரை லிட்டர் பிளாஸ்டிக் மக் ஒன்றை வைத்துக்கொண்டு பேபி டிரம் டிரம்மாகக் கலப்பாள். பிறகு நாள் முழுக்க, கடைந்து வரும் புஷ்களைக் கையில் வாங்கிப் பார்ப்பாள். புஷ் என்றால் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை உள்ள இரும்பு வளையம். நல்லதை டிரேயில் அடுக்குவாள். கெட்டதில் சிவப்பு மார்க்கரால் ஒரு எக்ஸ் போட்டுப் பழைய இரும்புத் தொட்டியில் வீசுவாள்.

கெட்டதைக் கண்டுபிடிப்பது பேபி. ஆனால் இன்ஸ்பெக்ஷன் கார்டில் பச்சை இங்க்கில் கையெழுத்துப் போடுவது, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் ஆறு பேர் உட்கார்ந்து எழுந்து போனார்கள். ஆறு பேரும் டிப்ளமோ படித்தவர்கள். ஆறு பேரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தலையை நிமிர்த்தி, “பேபியம்மா, இது ஓகேதானே?” என்று கேட்டவர்கள். அவள் தலையாட்டினால் பேனா ஓடும். இந்த அநியாயத்தை அநியாயம் என்று பேபிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆறாவது ஆள் ஜனவரியில் வேறு கம்பெனிக்குப் போய், நாற்காலி காலியாகக் கிடந்த முதல் திங்கட்கிழமைதான் அவளுக்கே அது உறைத்தது. நேராக மேனேஜர் கோகுல்நாத் முன்னால் போய் நின்றாள்.

“சார், அந்த நாற்காலில நான் குந்தக் கூடாதா?”

கோகுல்நாத் நல்ல மனுஷன்தான், ஆனால் ஆடிட்டுக்குப் பயந்தவர். “உங்களுக்குத் தெரியாததா பேபியம்மா? ஆனா கஸ்டமர் ஆடிட்ல வந்து, கையெழுத்துப் போடறவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு கேப்பான். போன வருஷம் எண்பது பீஸை நீங்க தள்ளினப்போ ஏன்னு கேட்டேன். ‘கை சொல்லுது’ன்னீங்க. அதை நான் எந்த ஃபைல்ல எழுத?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழியும் சொன்னார். திருமுல்லைவாயிலில் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு மாலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே தரக்கட்டுப்பாட்டு டிப்ளமோவில் சேர்ந்து, முதல் தாளான கல்லூரி இயற்கணிதத்தில் மட்டும் பாஸ் பண்ணிவிட்டால், மிச்சத்தைப் படித்துக்கொண்டே நாற்காலியில் உட்காரலாம். மே மாதம் வரை வேறு ஆளைப் போட மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார்.

பேபி அன்றைக்கே போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டாவதைத் தனித்தேர்வில் எழுதிப் பாஸ் செய்த சான்றிதழ், அரிசி டப்பாவுக்குக் கீழே பதினைந்து வருஷம் தூங்கிக்கொண்டிருந்தது.

இயற்கணிதம் நடத்தியவர் கலியமூர்த்தி சார். மாயவரத்துப் பக்கத்துக்காரர். மனைவிக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை என்பதால் குவார்ட்டர்ஸ்வாசி. பேபியைவிட இரண்டு வயது பெரியவராக இருப்பார். சிரித்தால் கணக்கு தப்பாகிவிடும் என்று நம்பியவர் போலிருந்தார். முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ், மொத்தம் பத்து விதிகள்.

அந்தப் பத்தையும் படித்தால் கல்லூரியில் சேர்ந்தோமா, ஜெயிலில் சேர்ந்தோமா என்று சந்தேகம் வரும். வருகை எழுபத்தைந்து சதவீதம் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு வகுப்பு, ஆறு ஐந்துக்குக் கதவு சாத்தப்படும், சாத்திய கதவு மாமனார் வந்தாலும் திறக்காது (மாமனார் நான் சேர்த்தது). கால்குலேட்டர் கூடாது. செல்போன் பைக்குள் தூங்க வேண்டும். ஐம்பது ஐம்பதாக இரண்டே தேர்வுகள், இரண்டும் சேர்த்து நாற்பது எடுத்தால் பாஸ். சந்தேகங்களை வகுப்பு முடிந்த பிறகுதான் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் ஏழாவது விதி இப்படி இருந்தது:

“உங்கள் வேலையைக் காட்டவும். வேலையைக் காட்டாதவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.”

பக்கத்து பெஞ்சில் இருந்த சந்தோஷ் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். முப்பது வயது, செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். பேபியின் அப்பா நடவு நட்ட நிலத்தில்தான் அந்த குடோன் நிற்கிறது என்பது இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது.

“யக்கா, வேலையைக் காட்டச் சொல்றாரு. காட்டிருவோமா?”

“சும்மா கெட நைனா. வேலைக்குப் போறவங்களுக்கு நடத்துற காலேஜு. மெய்யாலுமே வேலை செய்றோமான்னு பாக்க மாட்டாங்களா?” என்றாள் பேபி. சேரும்போதே வேலைச் சான்றிதழ் கேட்டார்கள், அவள் பிறகு தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதைத்தான் இப்படி மிரட்டிக் கேட்கிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டாள். சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனால் சந்தேகம் வகுப்பு முடிந்த பிறகு. வகுப்பு முடிந்த அடுத்த நிமிஷமே வாசலில் எத்திராஜ் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்.

எத்திராஜ், பேபியின் வீட்டுக்காரர். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவி படிக்கப் போவதில் அவருக்குப் பெருமைதான். அந்தப் பெருமையைக் கிண்டலாக மட்டுமே வெளியே எடுப்பார். வீட்டில் தட்டு விழுந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், கரண்ட் போனாலும்கூட அவருக்கு வாயில் வருவது ஒரே வாக்கியம்: “இன்னாமே, உன் வேலையைக் காட்டிட்டியா?”

மார்ச்சில் முதல் தேர்வு வந்தது. ஐந்து கணக்கு, கணக்குக்குப் பத்து மதிப்பெண். பேபி ஒவ்வொன்றையும் படித்தாள், கண்ணை மூடினாள், விடையை எழுதினாள். மூன்றாவது கணக்கைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. நாற்பத்தைந்து லிட்டர் கலவையில் நான்கு சதவீதம் எண்ணெய் இருக்கிறது, அதைப் பத்து சதவீதமாக்க இன்னும் எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேண்டும்? ‘ஆறு மக்’ என்று எழுதினாள். ஐந்து கணக்கும் ஐந்து வரியில் முடிந்தன. பிறகு ஏழாவது விதிப்படி, கம்பெனி அடையாள அட்டையின் ஜெராக்ஸை விடைத்தாளோடு பின் அடித்தாள். அது போதுமோ போதாதோ என்று நினைத்து, நல்லதாக ஒரு புஷ்ஷையும் நூலில் கோர்த்து ஓரத்தில் கட்டினாள்.

அடுத்த வாரம் கலியமூர்த்தி சார் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தபோது புஷ் அதில் ஊஞ்சலாடியது.

“பேபிங்கறது யாரும்மா? எழுந்திருங்க. இது என்ன?”

“புஷ் சார். உள்ளாற பதினாறு எம்.எம்.”

“பரீட்சைப் பேப்பர்ல இதை எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க?”

“ஏழாவது ரூலு சார்.”

சாரின் முகம் சிவந்தது. “ஏம்மா, எங்கிட்டயே உங்க வேலையைக் காட்டறீங்களா?”

“நீங்கதான சார் காட்டச் சொன்னீங்கோ? காட்டலன்னா மார்க் இல்லன்னு போட்டுகீதே!”

வகுப்பு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சார் மேஜையில் கிடந்த விதித்தாளை எடுத்து ஏழாவதைப் படித்தார். இங்கிலீஷில் இருந்ததைச் செல்போனில் மொழிபெயர்க்கப் போட்டு, அது கொடுத்த தமிழைப் படித்துக்கூடப் பார்க்காமல் அச்சடித்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. “செய்முறையைக் காட்டுங்கன்னு அர்த்தம்மா. படிப்படியா எழுதணும்,” என்றார் சற்று இறங்கிய குரலில். அதோடு விட்டிருக்கலாம். வெட்கப்பட்ட ஆம்பளை கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பான் இல்லையா, அவரும் நினைத்தார். “சரி, ஒரு வரி கணக்கு இல்லாம விடை மட்டும் எப்படிம்மா வந்துது? பக்கத்துல பாத்தீங்களா?”

சந்தோஷ் எழுந்து நின்றான். “சார், பக்கத்துல இருந்தது நான். என்னைப் பாத்து எழுதியிருந்தா யக்கா அஞ்சும் தப்பா எழுதியிருக்கும். எனக்கு ஐம்பதுக்கு நாலு சார்.”

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான் என்றார். செய்முறை இல்லாத தாளுக்குப் பூஜ்யம். அப்படியென்றால் பாஸாக வேண்டிய நாற்பதையும் பேபி இரண்டாவது தேர்வில், ஐம்பதுக்கு நாற்பதாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் மே மாதத்தில் அந்த நாற்காலிக்கு ஏழாவது ஆள் வருவார், வந்து “ஓகேதானே?” என்று கேட்பார்.

பூஜ்யத்தை பேபி தாங்கிக்கொண்டாள். பக்கத்தில் பார்த்தாயா என்று கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு புஷ்ஷைக்கூட அடுத்தவரைப் பார்த்து நல்லது கெட்டது சொன்னதில்லை அவள். வெளியே வந்ததும் எத்திராஜ் வழக்கம்போல, “இன்னாமே, உன் வேலையைக் காட்டிட்டியா?” என்றார். பேபி பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியில் அதைப் பார்த்த எத்திராஜ், வழியில் கை காட்டிய ஒருவரையும் ஏற்றாமல் வீடு வரை ஓட்டினார். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தன் அன்பைக் காட்ட இதைவிடப் பெரிய வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவரே கட்டளையிட்டார். “இன்னிக்கு ஹாரன் அடிக்க மாட்டேன். எவ்ளோ நேரமானாலும் குந்தி கேட்டுகினு வா.”

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பேபி சாரின் மேஜை முன்னால் நின்றாள். “சார், நான் யாரையும் பாத்து எழுதல. படி எழுது படி எழுதுன்னா, இன்னாத்த எழுதறது? விடை வருது. படி எங்க கீதுன்னே தெர்ல.”

கலியமூர்த்தி சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு போர்டு பக்கம் திரும்பினார். “அந்த எண்ணெய்க் கணக்கை வாயால சொல்லுங்க. நான் எழுதறேன்.”

“அது இன்னா சார், சின்னப் புள்ளக் கணக்கு. எண்ணெய்தான ஊத்தறோம்? தண்ணி மாறாது.”

சார் ‘தண்ணீர் மாறாது’ என்று எழுதினார். “அப்புறம்?”

“நூத்துக்கு நாலு எண்ணெய்ன்னா நாப்பத்தஞ்சுல ஒண்ணு புள்ளி எட்டு. மிச்சம் நாப்பத்திமூணு புள்ளி ரெண்டு, அதான் தண்ணி. பத்து பெர்சன்டுன்னா இன்னா? எண்ணெய் ஒரு பங்கு, தண்ணி ஒம்போது பங்கு. தண்ணிய ஒம்போதா பிரிச்சா ஒரு பங்கு நாலு புள்ளி எட்டு. மொத்தம் பத்து பங்கு, நாப்பத்தெட்டு லிட்டர். முன்ன இருந்தது நாப்பத்தஞ்சு. மூணு லிட்டர் ஊத்தணும். என் மக்கு அரை லிட்டரு. ஆறு மக்.”

சார் எழுதி முடித்துத் திரும்பினார். போர்டில் எட்டு வரிகள் இருந்தன. பேபி அவற்றை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தாள். தன் தலைக்குள் இருப்பதை அவள் வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“இதெல்லாம் நானா சொன்னேன்?”

“நீங்கதான். நான் புத்தகத்துல இருக்கறபடி போட்டா இன்னும் ரெண்டு வரி கூட வரும்,” என்றார் சார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான்மா,” என்றார். பேபிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஆனால் அடுத்த நிமிஷமே புதுத் தகராறு. சார் எட்டு வரிக்கும் மேலே, ‘ஊற்ற வேண்டிய எண்ணெயின் அளவை x என்க’ என்று எழுதினார்.

“எக்ஸ் வேணாம் சார். எக்ஸ் போட்டா ரிஜெக்ட்டு.”

“என்னம்மா ரிஜெக்ட்?”

“கம்பெனில கெட்ட மாலுக்குத்தான் எக்ஸ் போடுவோம். நல்ல எண்ணெய் மேல அத்த எப்டி போடறது? கை வர மாட்டேங்குது.”

இருபத்தேழு வருஷம் பாடம் நடத்தியவருக்கு இப்படி ஒரு ஆட்சேபணை வந்ததே இல்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எந்த எழுத்து வேணும்னாலும் போடுங்க. ஆனா அது எதைக் குறிக்குதுன்னு முதல் வரியில சொல்லிடணும். ‘என்க’ன்னு முடிக்கணும்.”

“அது இன்னா சார் என்க?”

“அப்படின்னு வெச்சுக்குவோம்னு அர்த்தம். தெரியாத ஒண்ணுக்கு நாமளா ஒரு பேர் வெச்சுட்டா, அப்புறம் அதைத் தைரியமா தேடலாம் இல்ல?”

பேபி, ‘மக்குகளின் எண்ணிக்கையை ம என்க’ என்று எழுதினாள். அந்த வார்த்தை அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த ஒரு மாதம் எத்திராஜ் பட்ட பாடு கொஞ்சமில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றால், “இருக்குது என்க, துன்னு” என்று பதில் வரும். துணி காயவில்லை என்றால் காய்ந்தது என்க. படி எழுதும் பழக்கமும் அதோடு வந்தது. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய இன்ஸ்பெக்ஷன் கார்டுகளின் முதுகில் கணக்குப் போட்டாள். முதலில் கை மெதுவாகத்தான் போயிற்று. விடை வந்து வாசலில் காத்துக்கொண்டு நிற்கும்போது, ஒவ்வொரு படியாக இறங்கிப் போய் அதைக் கூட்டிவருவது அவளுக்குப் பொறுமையைச் சோதிக்கும் காரியமாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் இரண்டாவது தேர்வு. அன்றைக்கென்று அம்பத்தூரில் ஒரு தண்ணீர் லாரி ரோட்டின் குறுக்கே நின்றுவிட்டது. எத்திராஜின் ஆட்டோவில் பேபியோடு ஐந்து பேர். லாரி நகர்ந்தபோது மணி ஐந்து ஐம்பத்திரண்டு. எத்திராஜ் பின்னால் திரும்பிக் கத்தினார்: “நம்ப ஊட்டம்மாவுக்குப் பரீச்சை. ஆறு அஞ்சுக்குக் கதவ சாத்திருவாங்கோ. நடுவுல எறங்கணும்னு எவனாவது சொன்னா எனக்குக் காது கேக்காது!” யாரும் சொல்லவில்லை. வழியில் இறங்க வேண்டிய ஒரு கூடைக்கார அம்மா மட்டும், “நீ நேரா வுடு நைனா, நான் திரும்பி வரும்போது எறங்கிக்கிறேன்,” என்று சொல்லித் துணைக்கு வந்தவளாகிவிட்டாள். ஆறு நாலுக்கு பேபி மாடிப்படி ஏறினாள். கலியமூர்த்தி சார் கதவில் கையை வைத்துக்கொண்டு படிக்கட்டையே பார்த்து நின்றிருந்தார்.

பதினொரு பக்கம் எழுதினாள். மதிப்பெண் ஐம்பதுக்கு நாற்பத்தாறு. நான்கு குறைந்ததற்கு ஓரத்தில் சிவப்பில் காரணம் எழுதியிருந்தது: “விடையை லிட்டரில் கூறுக. உலகத்தில் எல்லோரிடமும் உங்கள் மக் இல்லை.” சந்தோஷும் பாஸ். இந்த முறை அவன்தான் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டானாம், பதினொரு பக்கத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் சொந்தமாக எழுதிவிட்டானாம்.

ஆனால் பேபி உண்மையில் எழுத வேண்டிய பரீட்சை மே முதல் வாரத்தில் கம்பெனியில் வந்தது. மூன்றாம் நம்பர் மிஷினில் ஓடிய இருநூறு புஷ். ஒன்றை எடுத்து விரலை விட்டுப் பார்த்ததும் பேபி ஒரு பகுதியைத் தனியாகத் தள்ளினாள். கோகுல்நாத் ஓடி வந்தார். லாரி வாசலில் நிற்கிறது. “பேபியம்மா, ஏன்னு கேட்டா மறுபடியும் கை சொல்லுதும்பீங்களா?”

பேபி ஒரு கார்டைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள். மிஷின் மணிக்கு நாற்பது புஷ் ஓடும். எட்டரைக்கு ஆரம்பம். பத்தரைக்கு டீ. டீக்குப் பிறகு கூலன்ட் குறைந்துபோய், யாரோ வெறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், கலவை நீர்த்திருக்கிறது. எண்ணெய் குறைந்தால் சூடு, சூடு ஏறினால் ஓட்டை பெரிதாகும். டீக்கு முன் ஓடிய நல்ல புஷ்களை ந என்க. ந = இரண்டு மணி நேரம், மணிக்கு நாற்பது. எனவே எண்பது நல்லது, நூற்றிருபது கெட்டது.

கோகுல்நாத் இரண்டு குவியலிலிருந்தும் பத்துப் பத்து எடுத்து கேஜில் அளந்தார். கார்டை மறுபடி படித்தார். ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு, பச்சைப் பேனாவை நீட்டினார். “இதை ஃபைல்ல வெக்கலாம். கையெழுத்துப் போடுங்க.”

பேபி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தன் கை சொன்னதையெல்லாம் யாரோ கையெழுத்தாக்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. ‘பேபி’ என்று எழுதினாள், கீழே தேதி போட்டாள்.

சாயங்காலம் ஆட்டோவில் ஏறும்போது விரலில் பச்சை இங்க் காயாமல் இருந்தது. எத்திராஜ் அதைப் பார்த்தார். புரிந்தும் புரியாத மாதிரி, வழக்கமான குரலில் கேட்டார்:

“இன்னாமே, உன் வேலையைக் காட்டிட்டியா?”

“காட்டிட்டேன்யா,” என்றாள் பேபி.